கைமேல் ஏறிய கோலம்

பியேர் லோத்திக்குப் புதுச்சேரி, நேரில் பார்ப்பதற்கு வெகு காலம் முன்பே வீட்டு நினைவாகிவிட்ட ஊர். பிரான்சின் மேற்குக் கரையில் ரோஷ்ஃபோர் என்னும் துறைமுக நகரில் 1850இல் பிறந்த கடற்படை அதிகாரி அவர். இயற்பெயர் ழூலியேன் வியோ. சிறுவயதில் குடும்பத்து மூதாட்டி ஒருவர் புதுச்சேரியில் தனக்கிருந்த தோழியைப் பற்றிச் சொல்லி, அவளிடமிருந்து வந்த பழைய கடிதத்தில் சில வரிகளைப் படித்துக் காட்டினார். அதில் இருந்த பனைகளும் கோயில்களும் பையன் மனத்தில் தங்கிவிட்டன. 1899-1900இல் இந்தியா வந்தபோது ஐம்பது வயதை நெருங்கியிருந்த எழுத்தாளர் அந்தக் கடிதத்தின் ஊரைத் தேடித்தான் இங்கே வந்து சேர்ந்தார். 1903இல் வெளியான ‘ஆங்கிலேயர் இல்லாத இந்தியா’ என்ற பயண நூலில் புதுச்சேரிப் பகுதி முழுக்க இந்த ஏக்கம்தான்: விரிசல் விட்ட மதில்களுக்குள்ளே ஒரு பழைய பிரான்சு தூங்கிக்கொண்டிருக்கிறது என்ற ஏக்கம். மதிலுக்கு அந்தப்பக்கம், கால்வாய்க்கு மேற்கே இருந்த தமிழ்த் தெருக்களின் திண்ணையும் முற்றமும் யாருக்கோ வீட்டு நினைவாக இருந்திருக்கும் என்பது அவருக்கு அவ்வளவாகத் தைக்கவில்லை.

இதே லோத்தி, அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பு, 1885 கோடையில் ஜப்பானின் நாகசாகியில் இருந்தார். அந்தச் சில வாரங்களை வைத்து 1887இல் ‘மதாம் கிரிசாந்தேம்’ என்ற நாவலை எழுதினார். கதைசொல்லி ஊரைவிட்டுக் கிளம்பும் முன் பெயர்பெற்ற பச்சைகுத்துவோர் இருவரை வரவழைத்து, நீலமும் இளஞ்சிவப்பும் கலந்த ஒரு மாய விலங்கை மார்பில் குத்திக்கொள்கிறான். ஒன்றரை மணி நேர வலி. ஊரின் நினைவாக உடம்பில் ஏதாவது இருக்கட்டும் என்ற எண்ணம்.

கடிதத்தில் கேட்ட ஊரை மனத்தில் சுமப்பது, பார்த்த ஊரைத் தோலில் சுமப்பது என்ற இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கின்றன. ஆனால் அவர் கடந்துபோன புதுச்சேரியில், வீட்டின் நினைவைத் தோலில் எழுதி வைக்கும் வேலையைக் குறத்திகள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தார்கள். நாகசாகியின் ஊசி உலகக் கலையாயிற்று. குறத்தியின் ஊசி ‘நாட்டுப்புற வழக்கம்’ என்ற தலைப்பில் ஒரு பத்தியோடு முடிந்துபோனது. இந்த வித்தியாசம் ஊசிகளின் திறமையால் வந்ததா?

ஜப்பானியப் பச்சையின் கதையை முதலில் பார்த்துவிடலாம். எடோ ஆட்சிக் காலத்தில், 1720இல், திருடர்களுக்கும் மோசடிக்காரர்களுக்கும் கையிலோ நெற்றியிலோ பச்சை குத்துவது அரசுத் தண்டனையாக வந்தது. 1870 வரை நீடித்தது. குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும் அந்த அடையாளத்தின் பக்கத்திலேயே இன்னொன்று வளர்ந்தது. 108 வீரர்களின் கதையைச் சொல்லும் சீன நாவல் ஒன்று ஜப்பானில் ‘சுய்கோதென்’ என்ற பெயரில் பெரும் வாசிப்பைப் பெற்றிருந்தது. உதகாவா குனியோஷி 1827 முதல் அந்த வீரர்களை வரிசையாக மரக்கட்டை அச்சுப் படங்களாக வெளியிட்டார். முதுகு நிறைய நாகங்கள் (டிராகன்கள்), அலைகள், செம்மலர்கள். தெருவில் வாங்கக்கூடிய அந்தப் படங்களைப் பார்த்துத் தீயணைப்பு வீரர்களும் கூலியாட்களும் பல்லக்குத் தூக்கிகளும் தங்கள் முதுகில் அதையே கேட்டார்கள். மூங்கில் பிடியில் பட்டுநூலால் வரிசையாகக் கட்டிய ஊசிகள், கரிமை, முதலில் கோடு, பிறகு அடர்த்தியிலிருந்து மெலிவுக்கு வழுக்கிப்போகும் நிழல். முழு முதுகு என்றால் மாதங்கள் அல்ல, ஆண்டுகள். குருவிடம் சீடனாகச் சேர்ந்தவன் முதலில் தன் தொடையில் குத்திப் பழகுவான். தேர்ந்ததும் குருவின் பெயரில் ஒரு பகுதி அவனுக்குக் கிடைக்கும்.

மெய்ஜி அரசு 1872இல் இதைத் தடை செய்தது. மேலைநாட்டவர் முன்னால் நாகரிகமாகத் தெரிய வேண்டும் என்ற கூச்சமே பெரிய காரணம். வேடிக்கை என்னவென்றால், அந்த மேலைநாட்டவரே வரிசையில் நின்று குத்திக்கொண்டார்கள். பிற்காலத்தில் ஐந்தாம் ஜார்ஜ் ஆன இளவரசர் 1881இல் கடற்படைப் பயிற்சிப் பயணத்தின்போது குத்திக்கொண்டார். ருஷ்யாவின் கடைசி ஜார் நிக்கோலாஸ் பட்டத்திளவரசராக 1891இல் நாகசாகி வந்து கையில் ஒரு நாகத்தோடு திரும்பினார். லோத்தியின் மாய விலங்கும் தடைக்காலத்துப் பச்சைதான். தடை 1948இல்தான் நீங்கியது. அதற்குப் பிறகும் பச்சை குத்துவது மருத்துவத் தொழிலா என்ற வழக்கு நடந்து, மருத்துவரல்லாதார் குத்துவது குற்றமல்ல என்று ஜப்பானிய உச்ச நீதிமன்றம் சொன்னது 2020இல்.

இவ்வளவு அவமதிப்புக்கு நடுவிலும் அது கலை என்று பெயர் பெற்றதற்குச் சில காரணங்கள் தெளிவாகத் தெரிகின்றன. தோலுக்கு முன்னால் காகிதம் இருந்தது. குனியோஷியின் அச்சுகள் இன்று உலக அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. குத்தியவருக்குப் பெயர் இருந்தது. பரம்பரை எண் போட்டுக்கூட எழுதினார்கள், யோகோஹாமாவின் மூன்றாம் ஹோரியோஷி போல. தோலையே சேகரித்தவர்களும் உண்டு: நோயியல் மருத்துவர் ஃபுகுஷி மசாய்ச்சி, இறந்தவர்களின் பச்சைத் தோல்களைப் பதப்படுத்தி வைத்தார், அவை தோக்கியோ பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. எழுத்தாளர்களும் விடவில்லை. 1910இல் தனிசாகி ஜுனிச்சிரோ எழுதிய புகழ்பெற்ற சிறுகதையின் நாயகன் ஒரு பச்சைகுத்துபவன். 2014இல் பாரிசின் கே பிரான்லி அருங்காட்சியகம் பச்சைக்கென்றே பெரிய கண்காட்சி வைத்தபோது ஜப்பானுக்கு அதில் இடம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

குறத்திக்கு இவற்றில் எதுவும் கிடைக்கவில்லை. அவளுடைய தொழிலைக் கொஞ்சமாவது எழுதி வைத்தவர் எட்கர் தர்ஸ்டன். 1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். மண்டையோட்டையும் மூக்கையும் அளந்து சாதியைக் கண்டுபிடிக்கலாம் என்று நம்பிய காலத்தின் ஆள். அந்த நம்பிக்கை இன்று செல்லாக்காசு. ஆனாலும் 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த அவர் நூலில், மை செய்யும் முறை பற்றிய குறிப்பு தங்கம். மஞ்சள் பொடியையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் வைத்துத் திரியாகத் திரித்து, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பார்கள். மேலே ஒரு புது மண்பானையைக் கவிழ்த்து வைத்தால் உட்புறத்தில் கரி படியும். அதைச் சுரண்டி நீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்தால் மை. மழுங்கிய குச்சியால் முதலில் தோலில் வரைந்துகொண்டு, மூன்று நான்கு தையலூசிகளை நூலால் கட்டிக் குத்துவார்கள். பிறகு குளிர்ந்த நீரில் கழுவி, இன்னொரு பூச்சு மை, அதன்மேல் மஞ்சளை அழுத்தித் தேய்ப்பது. நிறம் எடுக்கவும் வீக்கம் தணியவும் அது உதவும் என்பார்கள்.

கரியின் கறுப்பு ஆறிய தோலுக்கடியிலிருந்து பச்சையாகத் தெரியும். குத்தும்போது குறத்தி பாடுவாள். வலியிலிருந்து கவனத்தைத் திருப்புவதற்காக. கூலி பெரும்பாலும் அரிசி, பழந்துணி, சில்லறை.

இந்தத் தொழில்நுட்பத்தின் நெருங்கிய உறவு புதுச்சேரியிலேயே பாதுகாப்பாக இருக்கிறது. ஓலைச்சுவடியை எழுதுவதும் இதே வழிதான்: எழுத்தாணியால் கீறு, கீறலில் கரியைத் தேய், மேலே இருப்பதைத் துடை. 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிக் கட்டுகள் இருக்கின்றன. புதுச்சேரியில் உள்ள சைவச் சுவடித் தொகுப்பை 2005இல் யுனெஸ்கோ தன் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஓலையில் கீறியவனின் பெயரைச் சுவடியின் கடைசி ஏட்டில் சில சமயம் காணலாம். தோலில் கீறியவளின் பெயர் எங்கும் இல்லை. ஓலையைப் படியெடுத்துப் பிழைக்க வைக்கலாம்; தோல் ஒரே பிரதி, அதுவும் சுடுகாட்டோடு சரி.

கையில் என்ன குத்தினார்கள்? வில்லியனூர், பாகூர் பக்கத்து ஊர்களில் வயதான பெண்களின் முன்கையைப் பார்த்தால் கோலம் இருக்கும், மீனும் தேளும் இருக்கும், பெயர்கள் இருக்கும். தாடையில் ஒரு புள்ளி, நெற்றியில் ஒரு கீற்று. பெயர்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கணவன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்ட தலைமுறை அது. ரேஷன் கடையில் பெயர் கேட்டால் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துச் சிரிப்பவள், அதே பெயரை முழங்கைக்குக் கீழே எல்லோரும் படிக்கும்படி வைத்திருந்தாள். சில கைகளில் கணவன் பெயரே கிடையாது. அண்ணன் பெயரும் அம்மா பெயரும்தான். பதின்மூன்று பதினான்கு வயதில் வேறு ஊருக்குக் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண், பிறந்த வீட்டிலிருந்து எடுத்துப்போனவற்றில் மாமியார் வாங்கி வைக்க முடியாத சீர் அது ஒன்றுதான். செத்தால் காதிலும் மூக்கிலும் இருப்பதைக் கழற்றிவிடுவார்கள், பச்சை மட்டும் கூட வரும் என்று அந்தப் பெண்களே சொல்வதுண்டு.

கோலத்துக்கு வருகிறேன். 1937இல் ‘ஃபோக்லோர்’ ஆய்விதழில் ஜான் லேயார்ட் என்ற ஆங்கில மானிடவியலாளர் தென்னிந்திய வாசற்கோலத்தையும் பச்சைக் கோலத்தையும் ஒன்றாக வைத்து நீண்ட கட்டுரை எழுதினார். அவர் முதலில் களத்தில் இருந்தது பசிபிக் பெருங்கடலில் மலெகுலா தீவுப் பக்கம். அங்கே மணலில் விரலால் ஒரே கோட்டில் வடிவம் வரைவார்கள். இறந்தவன் மறு உலகுக்குப் போகும் வழியில் ஒரு காவல் பேய் அந்த வடிவத்தில் பாதியை அழித்துவிட்டு நிற்கும், மீதியைப் போட்டு முடிக்கத் தெரிந்தவனுக்குத்தான் வழி. இந்த நினைப்போடு தமிழ்க் கோலத்தைப் பார்த்த லேயார்ட், வாசற்படிக்கும் கைக்கும் ஒரே சிக்கு வடிவம் வருவதைக் கண்டு, இரண்டுமே எல்லைக் காவல் என்று வாதிட்டார். அறுபது ஆண்டுகள் கழித்து ஆல்ஃப்ரட் ஜெல் என்ற மானிடவியலாளர், அவர் இறந்த மறு ஆண்டு 1998இல் வெளியான தம் நூலில், இதை மேலே கொண்டுபோனார். ஒரு கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண் தேட ஆரம்பித்தால் அதிலேயே மாட்டிக்கொள்கிறது. தீய சக்தியும் அப்படியே வாசலில் ஒட்டிக்கொண்டு உள்ளே வர மறந்துவிடும் என்பது அவர் விளக்கம்.

லேயார்ட் தமிழகத்தை நூல்கள் வழியாகவே அறிந்தவர். மலெகுலாவையும் மயிலாப்பூரையும் அவர் இணைத்த வேகம் எனக்குச் சந்தேகத்தைத் தருகிறது. ஆனால் அவருடைய அடிப்படைக் கவனிப்பு சரி. வாசலில் போடுவது நாளுக்கொரு முறை அழியும், கையில் குத்துவது உள்ளவரை இருக்கும், வடிவம் மட்டும் ஒன்று. அப்படியானால் கையில் கோலம் உள்ள பெண் எங்கே போனாலும் ஒரு வாசலோடு போகிறாள்.

புதுச்சேரியிலிருந்து அப்படி வெகுதூரம் போனவர்கள் நிறையப் பேர். 1853இல் ‘ஓரேலி’ என்ற கப்பல் தமிழ்த் தொழிலாளர்களைக் கரீபியக் கடலின் மார்த்தினிக் தீவுக்குக் கொண்டுபோய் இறக்கியது. அடுத்த ஆண்டு அதே கப்பல் குவாதலூப்புக்கு. புதுச்சேரியும் காரைக்காலும் ஏற்றுமதித் துறைகள். 1889 வரை குவாதலூப்புக்கு மட்டும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். ரெயூனியோனுக்குப் போனவர்கள் தனிக் கணக்கு. ஒப்பந்தக் கூலிக்கு மூட்டை பெரிதாக இருக்க முடியாது. மொழி இரண்டு மூன்று தலைமுறையில் தேய்ந்தது, பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் உருமாறின. கப்பலேறியவளின் கையிலிருந்த கோலம் அவள் காலம் வரை அப்படியே இருந்திருக்கும். பர்மா போன ஆண்களுக்கு எதிர்த்திசையில் நடந்தது: ரங்கூனிலிருந்து பர்மிய வடிவங்களை உடம்பில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினார்கள், லோத்தியைப் போலவே. அவர்களை யாரும் நாவலில் எழுதவில்லை.

இந்தியாவிலும் அரசு பச்சையைத் தண்டனைக்குப் பயன்படுத்தியிருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி 1797இல் வங்காளத்திலும் சில ஆண்டுகளில் சென்னை மாகாணத்திலும் ஆயுள் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைக் குத்தி வைத்தது. 1849இல்தான் அது நின்றது. பிறகு பச்சை குத்தும் குறவர் சாதியையே சென்னை மாகாணம் குற்றப்பரம்பரைச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்தது. பிரெஞ்சு எல்லைக்குள் அந்தச் சட்டம் செல்லாது. ஆனால் தொழிலுக்காக ஊர் ஊராக நடக்கும் பெண்ணுக்கு, வயலும் ஊரும் மாறி மாறிக் கிடக்கும் புதுச்சேரி எல்லையைத் தாண்டாமல் பிழைப்பு நடக்காது. காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடும் சாதியின் பெண் கலைஞர் என்று பெயர் வாங்குவது எப்படி?

ஜப்பானோடு ஒப்பிடும்போது நாம் வழக்கமாகச் செய்யும் பிழை, குறத்தியின் கோலத்தைக் குனியோஷி வழிவந்த நாகங்களோடு நிறுத்துவது. நம் பச்சைக்கு அந்த நாட்டில் உண்மையான உடன்பிறப்பு தெற்கே ஒகினாவாத் தீவுகளில் இருந்தது. அங்கே பெண்களின் விரலிலும் புறங்கையிலும் குத்தும் பச்சைக்கு ‘ஹஜிச்சி’ என்று பெயர். குத்தியவர்களும் பெண்கள். கல்யாணத்தோடு சேர்ந்தது, அம்பும் வட்டமும் சதுரமுமாக ஊருக்கு ஊர் வடிவம் வேறு, ஹஜிச்சி இல்லாமல் செத்தால் மறு உலகில் அல்லல் என்ற நம்பிக்கையும் உண்டு. 1899இல் ஜப்பானிய அரசு அதைத் தடை செய்தது. ஆண்களின் முதுகில் இருந்த நாகம் தடையிலும் பிழைத்து உலகம் சுற்றியது. ஒகினாவாப் பெண்களின் கை, பள்ளிக்கூடத்திலும் வேலைத்தலத்திலும் ஏளனம் பட்டு, ஒளித்துவைக்க வேண்டிய கையாக மாறி, அந்தத் தலைமுறையோடு போய்விட்டது. வடக்கே ஐனு பெண்களின் வாயோரப் பச்சைக்கும் இதே கதி. ஜப்பானியப் பச்சை கலை என்று நாம் சொல்லும்போது பாதி ஜப்பானைத்தான் சொல்கிறோம்.

எனவே முன்பு கேட்ட கேள்விக்கு என் பதில்: திறமை இங்கே விஷயமே இல்லை. வாங்கக்கூடியதும் சுவரில் மாட்டக்கூடியதும் ஆண் உடம்பில் இருந்ததும் கலையாயிற்று. கோலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காகிதத்துக்கு ஏறியதும் அதற்கு மதிப்பு வந்துவிட்டது. 1970களில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் உடனிருந்தவர்களும் கோலத்தைக் கணினி இலக்கணமாக்கி ஆராய்ந்தார்கள். 2007இல் யானகிசாவா, நகாத்தா என்ற இரண்டு ஜப்பானியர்கள் கம்பிக்கோலத்தின் வடிவமைப்பு விதிகளைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். மார்கழியில் புதுச்சேரித் தெருக்களில் கோலப்போட்டி நடக்காத வார்டு குறைவு. அதே புள்ளி, அதே கோடு, கையில் இருந்தால் மட்டும் பழங்காலத்து அறியாமை ஆகிவிடுகிறது.

ஆண் கையில் ஏறினால் வேறு கதை என்பதற்கு அரசியலிலும் சாட்சி உண்டு. தமிழ்நாட்டுக்கு முன்பே அதிமுக ஆட்சி அமைத்தது புதுச்சேரியில்தான், 1974 மார்ச்சில். சில வாரங்களே நீடித்தாலும் அதுதான் முதல். கொஞ்ச நாளில் எம்ஜிஆர் கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னார். தொண்டர்கள் குத்திக்கொண்டார்கள், முணுமுணுத்த பெரிய மனிதர்கள் சிலர் கட்சியைவிட்டு வெளியேற நேர்ந்தது. அந்தப் பச்சை அரசியல் வரலாறு என்று எழுதப்பட்டது.

இன்று புதுச்சேரியில் பச்சை குத்தும் கடைகள் நிறைய. கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், ஒரு முறைக்குமேல் பயன்படுத்தாத ஊசி. கடைசியாகச் சொன்னது சாதாரண முன்னேற்றமில்லை; ஒரே ஊசிக்கட்டால் தெருவே குத்திக்கொண்ட காலத்தில் ரத்தத்தால் பரவும் மஞ்சட்காமாலைக்கு வழி திறந்தே இருந்தது. கடைகளின் மாதிரிப் புத்தகங்களில் ஜப்பானிய நாகமும் கெண்டைமீனும் அலையும் தவறாமல் இருக்கின்றன. லோத்தி நாகசாகிக்குப் போய் வாங்கியதை இப்போது மிஷன் வீதிப் பக்கமே வாங்கலாம். கம்பிக்கோலம் கேட்டால் இணையத்தில் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. கோயில் சிலைகளையும் பழைய வீடுகளின் கதவுகளையும் படமெடுத்து அடுக்கி வைத்திருக்கும் ஊர் இது. வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் கையைப் படமெடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

உங்கள் வீட்டில் பச்சை குத்திய ஆயா இருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் சம்மதத்தோடு கையைப் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். எந்த ஊரில் குத்தியது, என்ன வயதில், யார் கூட்டிப்போனது, கூலி என்ன கொடுத்தார்கள், குத்தியவள் பெயர் நினைவிருக்கிறதா என்று கேட்டுப் படத்துக்குப் பின்னால் எழுதுங்கள். பெயர் நினைவில்லை என்றால் எந்தத் திசையிலிருந்து வருவாள் என்றாவது கேளுங்கள். இதை ஆய்வு நிறுவனங்கள் செய்யும்வரை காத்திருக்க நேரமில்லை. அந்தக் கைகளுக்கு இப்போது எழுபதும் எண்பதும் ஆகின்றன.